நாலு ஜிபி ரேமில் எந்த பிரவுசர் தேறும்? ஒரு ஜெராக்ஸ் கடையின் மதிப்பீடு

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழைய கணினி, 4 ஜிபி ரேம், புதிது வாங்க இப்போதைக்குக் காசு இல்லை என்றால் பயர்பாக்ஸ் போட்டு, அதில் விளம்பரங்களைத் தடுக்கும் யூபிளாக் ஒரிஜின் என்ற துணை நிரலைச் சேர்த்துக்கொள்ளுங்கள். விண்டோஸோடு வரும் எட்ஜைத் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள். குரோமை விடவே முடியாது என்பவர்களுக்கும் வழி இருக்கிறது. 'ரேமைச் சுத்தம் செய்து தருகிறேன்' என்று வரும் மென்பொருள்கள் பக்கம் மட்டும் போகாதீர்கள். இவ்வளவு போதும் என்றால் இங்கேயே நிறுத்திவிடலாம். ஏன் எதற்கு என்று கேட்பவர்கள் மேலே படியுங்கள்.

பட்டுக்கோட்டையில் தாலுகா ஆபீஸ் பக்கம் ஜெராக்ஸ், டைப்பிங், ஆன்லைன் விண்ணப்பம் என்று சின்னக் கடை என்னுடையது. முன்னால் இருக்கும் கணினி இரண்டாம் தலைமுறை ஐ3. எச்61 மதர்போர்டு, டிடிஆர்3 ரேம் 4 ஜிபி ஒரே ஸ்டிக், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10. தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது. அதனால் திரைக்கு வேண்டிய நினைவகமும் இந்த 4 ஜிபியில் இருந்துதான் போகும். விண்டோஸ் கிளம்பி, வைரஸ் காவல் எழுந்து, பிரிண்டர் மென்பொருள் உட்கார்ந்ததுமே பாதி காலி. மிச்சம் இருக்கும் சுமார் 2 ஜிபியில்தான் பட்டா, சிட்டா, வில்லங்கச் சான்று, டிஎன்பிஎஸ்சி விண்ணப்பம், ரயில் டிக்கெட், கரண்ட் பில் எல்லாம். மே, ஜூன் வந்தால் ரிசல்ட்டும் கவுன்சலிங்கும் சேர்ந்துகொள்ளும். இதற்கெல்லாம் நடுவில் வாட்ஸ்அப் வெப் ஒரு டேபில் காலையிலிருந்து திறந்தே கிடக்கும், ஏனென்றால் இப்போது யாரும் பென்டிரைவ் கொண்டு வருவதில்லை.

கணினி 'ஸ்லோ' என்கிறோமே, அந்த நேரத்தில் உள்ளே என்ன நடக்கிறது? ரேம் நிரம்பினால் விண்டோஸ் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதில்லை. அந்த நேரத்துக்கு வேண்டாததை எல்லாம் ஹார்ட் டிஸ்க்கில் பேஜ் ஃபைல் என்ற கோப்பில் எழுதி வைக்கும். நீங்கள் பழைய டேபைத் தொட்டதும் அதை அங்கிருந்து திரும்ப எடுத்து வர வேண்டும். சுழலும் ஹார்ட் டிஸ்க்குக்கு இப்படி இங்கே கொஞ்சம் அங்கே கொஞ்சம் என்று எழுதிப் படிக்கிற வேலை ஒத்தே வராது. கேபினெட்டில் சிவப்பு விளக்கு அணையாமல் எரியும். டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் 100 சதவீதம் என்று நிற்கும். மவுஸ் அம்பு தத்தித் தத்திப் போகும். எதிரில் நிற்பவர் "என்னக்கா, நெட் போயிடுச்சா?" என்பார். நெட் நன்றாகத்தான் இருக்கும்.

ஆகவே ரேம் எண் பெரிதாகத் தெரிவதைப் பார்த்து மட்டும் பயப்பட வேண்டாம். 16 ஜிபி இருக்கிற கணினியில் பிரவுசர் தாராளமாகவே எடுத்துக்கொள்ளும். அதில் தப்பும் இல்லை, சும்மா கிடக்கும் ரேமால் யாருக்கு என்ன லாபம்? என் கவலை எல்லாம் அந்தச் சிவப்பு விளக்கு எப்போது அணையும் என்பதுதான். கீழே சொல்லும் ஒவ்வொன்றையும் நான் எடை போட்டது அதை வைத்தே.

பிரவுசர் ஏன் இவ்வளவு தின்கிறது என்பதற்கு ஒரு நியாயமான காரணம் உண்டு. குரோம் 2008-ல் வந்தபோதே டேபுகளைத் தனித்தனி பிராசஸாக, அதாவது தனித்தனியாக ஓடும் நிரலாக, ஓட்டியது, ஒன்று செத்தால் மற்றது பிழைக்கட்டும் என்று. 2018 ஜனவரியில் ஸ்பெக்டர் என்று ஒரு புராசசர் ஓட்டை வெளியே தெரிந்தது. ஒரே பிராசஸுக்குள் இருந்தால் ஒரு தளம் இன்னொரு தளத்தின் ரகசியத்தை எட்டிப் பார்க்க வழியிருந்தது. அதனால் அதே ஆண்டு குரோம் 67 முதல் ஒவ்வொரு தளத்துக்கும் தனிக்குடித்தனம் ஆகிவிட்டது. தனி வீடு என்றால் அடுப்பு, பாத்திரம், அரிசிப் பானை எல்லாம் தனிதானே? இதனால் 10 முதல் 13 சதவீதம் வரை ரேம் கூடும் என்று கூகுளே அப்போது சொன்னது. பயர்பாக்ஸும் 2021-ல் இதே வழிக்கு வந்தது. பாதுகாப்புக்காகக் கொடுக்கிற விலை இது. வங்கிக் கணக்கைத் திறக்கும் கணினியில் இதை அணைக்கச் சொல்லும் யூடியூப் வீடியோக்களை நம்பாதீர்கள்.

இதில் கவனிக்க வேண்டியது, ஒரே பக்கத்துக்குள் வேறு தளத்திலிருந்து வந்து உட்காரும் விளம்பரச் சட்டத்துக்கும் தனி பிராசஸ் உண்டு. குரோமிலோ எட்ஜிலோ ஷிப்டையும் எஸ்கேப்பையும் சேர்த்து அழுத்துங்கள். பிரவுசருக்குள்ளேயே ஒரு டாஸ்க் மேனேஜர் திறக்கும். ஒரு செய்தித் தளத்தைத் திறந்து வைத்துக்கொண்டு இதைப் பாருங்கள். அந்த டேபுக்கு ஒரு வரி, அதற்குக் கீழே 'சப்ஃபிரேம்' என்று பெயர் தெரியாத தளங்களின் வரிகள். நான் நிலப்பதிவு பார்க்கத் திறக்கும் சாதாரண அரசுப் பக்கம் 100 எம்பியைத் தொடுவதே அபூர்வம். விளம்பரம் நிறைந்த ஒரு செய்திப் பக்கம், வேலைவாய்ப்புத் தகவல் தரும் பக்கம், இவை சப்ஃபிரேம்களையும் சேர்த்தால் 300, 400 எம்பிக்குச் சுலபமாகப் போகின்றன. 'எத்தனை டேப் திறந்திருக்கிறது' என்று எண்ணுவது பாதிக் கணக்குதான். எந்த டேப் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

சரி, குரோமிலிருந்து தொடங்குகிறேன். செட்டிங்ஸில் பெர்ஃபார்மன்ஸ் என்ற பகுதிக்குள் மெமரி சேவர் இருக்கிறது. 2022 கடைசியில் வந்த வசதி. மாடரேட், பேலன்ஸ்டு, மேக்சிமம் என்று மூன்று நிலை. கொஞ்ச நேரம் தொடாமல் இருக்கும் டேபை ரேமிலிருந்து எடுத்துவிடும். டேப் மேலே அப்படியே தெரியும், சொடுக்கினால் பக்கம் புதிதாக ஏறும். என் கடையில் மேக்சிமம்தான் எடுபட்டது. மற்ற இரண்டும் வீட்டில் நிதானமாக உபயோகிப்பவர்களுக்குச் சரியாக இருக்கலாம். டேப் மேல் மவுஸை வைத்தால் அது எவ்வளவு ரேம் பிடித்திருக்கிறது என்று காட்டுவது நல்ல ஏற்பாடு.

ஆனால் ஒரு எச்சரிக்கை. டேப் தூங்கி எழுந்தால் பக்கம் மறுபடி ஏறும் என்றேனே, விண்ணப்பம் நிரப்பும் வேலையில் இது வம்பு. பாதி நிரப்பிய படிவம், ஒலி ஓடும் டேப், டவுன்லோடு நடக்கும் டேப், 'பின்' (pin) செய்து வைத்த டேப் ஆகியவற்றைத் தொடாமல் விடும் என்பதுதான் குரோமின் விதி. படிவம் இரண்டாம் பக்கத்துக்குப் போய், இன்னும் எதுவும் தட்டாமல், அப்பாவின் ஆதார் எண்ணைக் கேட்டு போன் போட்டுக் காத்திருக்கும் நிலை அந்த விதிக்குள் அடங்குமா? அடங்காது. அதனால் 'இந்தத் தளங்களை எப்போதும் விழித்திருக்க விடு' என்ற பட்டியலில் நீங்கள் அடிக்கடி விண்ணப்பம் போடும் தளங்களைச் சேர்த்துவிடுங்கள். பணம் கட்டும் பக்கத்தில் ஓடிபிக்குக் காத்திருக்கும்போது வேறு டேபுக்குப் போய் உலாவாதீர்கள். இது எந்த பிரவுசருக்கும் பொருந்தும்.

குரோமில் இன்னும் இரண்டு இடம். செட்டிங்ஸில் சிஸ்டம் பகுதியில், குரோமை மூடிய பிறகும் பின்னணியில் ஓட விடவா என்று ஒரு சுவிட்ச் உண்டு. அணைத்துவிடுங்கள். அடுத்தது எக்ஸ்டென்ஷன்கள், அதாவது பிரவுசரோடு நாம் சேர்க்கும் துணை நிரல்கள். கடைக்கு யாராவது லேப்டாப்பைக் கொண்டுவந்து "ஸ்லோவா இருக்குக்கா" என்றால் நான் முதலில் பார்ப்பது அங்கேதான். கூப்பன் தேடித் தருவது, வீடியோ இறக்குவது, பிடிஎஃப் மாற்றுவது, ஸ்கிரீன்ஷாட் எடுப்பது என்று வரிசையாக உட்கார்ந்திருக்கும். பாதி எப்போது வந்தது என்று சொந்தக்காரருக்கே தெரியாது. டேபைத் தூங்க வைக்கும் எக்ஸ்டென்ஷன்களும் இப்போது தேவையில்லை, அந்த வேலையை பிரவுசரே செய்கிறது. அந்த வகையில் ஒரு காலத்தில் கோடிகட்டிப் பறந்த தி கிரேட் சஸ்பெண்டர் கதை தெரியுமா? அதை எழுதியவர் வேறு கைக்கு விற்றுவிட்டார். புதிய கை என்ன சேர்த்தது என்று சந்தேகம் கிளம்பி, 2021 பிப்ரவரியில் தீங்கான மென்பொருள் என்று சொல்லி கூகுள் அதை நீக்கியது. தூங்க வைக்கப்பட்டிருந்த டேபுகளை மீட்க முடியாமல் பலர் திண்டாடினார்கள்.

எட்ஜ் பற்றி நம் ஊரில் ஒரு இளக்காரம் உண்டு, 'குரோம் டவுன்லோடு பண்ண மட்டும் திறக்கிற பிரவுசர்' என்று. நான் அப்படிச் சொல்ல மாட்டேன். உள்ளே ஓடுவது குரோமின் அதே குரோமியம் எஞ்சின். குரோமில் மட்டும் திறக்கும் என்று அடம்பிடிக்கும் தளங்கள் இதிலும் திறக்கும். ஸ்லீப்பிங் டேப்ஸ் வசதி குரோமுக்கு முன்பே, 2021-லேயே இதில் வந்துவிட்டது. தொடாத டேப் எத்தனை நேரத்தில் தூங்க வேண்டும் என்பதை நாமே குறிக்கலாம். நான் 5 நிமிடம் வைத்திருக்கிறேன். முதலில் டேபை உறைய வைப்பதால் சீக்கிரம் திரும்பினால் பக்கம் மறுபடி ஏறாமல் விட்ட இடத்திலேயே நிற்கும். குரோமின் முறையைவிட இது எனக்குப் பிடிக்கிறது. பிடிக்காதது அதன் முகப்புப் பக்கம். புது டேப் திறந்தால் செய்தி, வானிலை, சினிமா நடிகை, பங்குச்சந்தை என்று ஒரு சந்தையே ஏறுகிறது. பல்சக்கரப் படத்தைச் சொடுக்கி அந்தச் செய்தி வரிசையை அணைத்துவிடுங்கள். ஸ்டார்ட்அப் பூஸ்ட் என்பதையும் அணையுங்கள். எட்ஜ் சீக்கிரம் திறப்பதற்காக அது முன்கூட்டியே ரேமில் துண்டு போட்டு வைக்கும். 4 ஜிபியில் அந்தத் துண்டுக்கு இடமில்லை.

இப்போது பயர்பாக்ஸ். ஒரே ஒரு டேபைத் திறந்து வைத்து ஒப்பிட்டால் இது குரோமைவிடக் குறைவாகப் பிடிக்கிறது என்று என்னால் சொல்ல முடியாது. சில நேரம் அதிகமாகவே பிடிக்கும். 'பயர்பாக்ஸ் லைட்' என்று பொத்தாம்பொதுவாகச் சொல்பவர்கள் பழைய ஞாபகத்தில் பேசுகிறார்கள். பிறகு எப்படி இது முதல் இடம்?

முதல் காரணம், கரண்ட். எங்கள் பக்கம் மழைக் காலத்தில் கரண்ட் போவதும் வருவதும் சகஜம், கடை யுபிஎஸ் பேட்டரியின் வயதைச் சொன்னால் சிரிப்பீர்கள். கணினி அணைந்து மறுபடி கிளம்பினால், திறந்திருந்த டேபுகளைக் கேட்போம் இல்லையா? பயர்பாக்ஸ் எல்லா டேபையும் மேலே வரிசையாகக் காட்டும், ஆனால் கண்ணெதிரே இருக்கும் ஒன்றை மட்டுமே ஏற்றும். மற்றவை நீங்கள் சொடுக்கும்போதுதான் ஏறும். குரோமில் பின்னணியில் இருப்பவையும் ஒன்றன்பின் ஒன்றாக ஏறத் தொடங்கும். கவுன்சலிங் நேரத்தில், வாசலில் பத்துப் பேர் நிற்கும்போது இந்த வித்தியாசம் என்னவென்று எனக்குத்தான் தெரியும்.

அடுத்தது, ரேம் தீரப்போகிறது என்று தெரிந்தால் பயர்பாக்ஸ் தானாகவே பழைய டேபுகளை இறக்கிவிடும். 2021 அக்டோபரில் வந்த 93-வது பதிப்பிலிருந்து விண்டோஸில் இது இருக்கிறது. நேரக் கணக்கு வைத்து அது தூங்க வைப்பதில்லை, தேவை வந்தால் மட்டுமே கை வைக்கும். ஆகவே படிவ வேலைக்கு இடைஞ்சல் குறைவு. 2025-ல் வந்த 140-வது பதிப்பில் டேபை ரைட் கிளிக் செய்து நாமே இறக்கிவிடும் 'அன்லோடு டேப்' வசதியும் வந்துவிட்டது. எனக்கு இதுதான் அதிகம் பயன்படுகிறது. எந்த டேப் கனம் என்று பார்க்க இதிலும் ஷிப்ட், எஸ்கேப். வரும் பட்டியலில் ஒவ்வொரு டேபும் பிடித்திருக்கும் ரேம், சிபியூ இரண்டும் தெரியும், பக்கத்தில் இருக்கும் பெருக்கல் குறியைத் தட்டினால் டேப் மூடிவிடும்.

மூன்றாவது காரணம்தான் பெரியது: யூபிளாக் ஒரிஜின் முழு வலுவோடு இன்னும் ஓடும் பெரிய பிரவுசர் பயர்பாக்ஸ்தான். எக்ஸ்டென்ஷன்களுக்கான விதிகளைக் குரோம் மாற்றியதால் பழைய யூபிளாக் ஒரிஜின் அதில் இப்போது வேலை செய்யாது. அதற்குப் பதில் யூபிளாக் ஒரிஜின் லைட் இருக்கிறது. சல்லடை வேலையைப் பிரவுசரிடமே ஒப்படைத்துவிடுவதால் லைட் தனக்கென்று ரேம் பிடிப்பது மிகக் குறைவு. குரோம், எட்ஜ் வைத்திருப்பவர்கள் தயங்காமல் போடலாம். ஆனால் நம் விருப்பத்துக்கு ஒரு பக்கத்தின் இந்தப் பகுதி வேண்டாம், அந்த ஸ்கிரிப்ட் வேண்டாம் என்று நுணுக்கமாகக் கத்தரிக்கும் வசதி அசலில்தான் முழுசாக உண்டு.

யூபிளாக் விளம்பரத்தை மறைப்பதில்லை, இறக்கவே விடுவதில்லை. மேலே சொன்ன சப்ஃபிரேம் தனிக்குடித்தனங்கள் பிறக்கவே பிறக்காது. பயர்பாக்ஸின் பட்டியலைத் திறந்து வைத்துக்கொண்டு, அதே செய்திப் பக்கத்தை யூபிளாக் இல்லாமல் ஒரு முறை, போட்டு ஒரு முறை ஏற்றிப் பாருங்கள். என் கணினியில் பாதிக்கும் கீழே இறங்கியது, விசிறிச் சத்தமும் அடங்கியது. மாதக் கடைசியில் டேட்டா மிச்சமாவது தனி லாபம். ரேமண்ட் ஹில் என்பவர் 2014-ல் தொடங்கியது. இலவசம், நன்கொடைகூட வாங்குவதில்லை. போடும்போது பெயரில் 'ஒரிஜின்' இருக்கிறதா என்று பாருங்கள். வெறும் 'யூபிளாக்' என்ற பெயரில் இருப்பது வேறு ஆட்களுடையது.

குறை இல்லாமல் இல்லை. அசல் யூபிளாக் தன் பட்டியல்களை நினைவில் வைத்திருக்கச் சில பத்து எம்பி எடுத்துக்கொள்ளும். விளம்பரமே இல்லாத அரசுத் தளங்களை மட்டும் நாள் முழுக்க திறப்பவருக்கு இதனால் பெரிய பலன் கிடையாது. செய்தி, ரிசல்ட், வேலைவாய்ப்பு, சமையல் குறிப்பு என்று திரிபவர்களுக்குத்தான் லாபம். அப்புறம், கடையில் வாடிக்கையாளரின் மெயிலைத் திறக்க நாம் பிரைவேட் விண்டோ பயன்படுத்துவோம், பயன்படுத்த வேண்டும். அங்கே எக்ஸ்டென்ஷன் எதுவும் தானாக ஓடாது. ஆட்-ஆன்ஸ் பக்கத்தில் யூபிளாக்கைத் திறந்து, பிரைவேட் விண்டோவிலும் ஓட அனுமதி கொடுங்கள். பல பேர் இதை விட்டுவிட்டு 'வேலையே செய்யவில்லை' என்கிறார்கள். விளம்பரக் காசில்தான் பல தமிழ்த் தளங்கள் பிழைக்கின்றன என்பதும் எனக்குத் தெரியும். நான் தினமும் படிக்கும் ஒரு பத்திரிகைத் தளத்துக்கு மட்டும் யூபிளாக்கை அணைத்து வைத்திருக்கிறேன். அதன் விளம்பரங்கள் அடக்கமானவை, திரையை மறைத்துக்கொண்டு குதிப்பதில்லை.

என் கடையில் ரேம் தின்பதில் முதலிடம் வாட்ஸ்அப் வெப்புக்குத்தான். காலையில் அளவாகத் தொடங்கி, ஆதார் படமும் மார்க் ஷீட்டும் வரிசையாக வந்து விழ விழ மதியத்துக்குள் 500 எம்பி பக்கம் போய்விடும். இதைத் தூங்க வைக்கவும் முடியாது, வைத்தால் பிரிண்ட்டுக்கு அனுப்பியவர் எதிரிலேயே நின்று "அனுப்பிட்டேனேக்கா" என்பார். நான் செய்வது, மதியம் சாப்பிட உட்காரும்போது அந்த டேபை மட்டும் மூடி மறுபடி திறப்பது. லாகின் போகாது, ரேம் மட்டும் குறையும். தனி ஆப்பாகப் போட்டால் தேவலையா என்று கேட்கிறார்கள். இப்போதைய விண்டோஸ் வாட்ஸ்அப் ஆப் உள்ளுக்குள் எட்ஜின் எஞ்சினைத்தான் ஓட்டுகிறது, ஆகவே பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம்.

வந்த பிடிஎஃப்பை பிரவுசரிலேயே திறக்கும் பழக்கமும் கனம்தான். பத்திரத்தை ஸ்கேன் செய்து அனுப்புவார்கள், முப்பது பக்கமும் படம். சுமத்ரா பிடிஎஃப் என்ற குட்டி மென்பொருளைப் போட்டு, பிடிஎஃப்புக்கு அதையே இயல்பாக வைத்துவிட்டேன். இலவசம், கண் மூடித் திறப்பதற்குள் திறக்கிறது. தமிழ்த் தட்டச்சுக்கு எக்ஸ்டென்ஷன் வைத்திருப்பவர்களும் அதை எடுத்துவிடலாம். விண்டோஸ் 10-லேயே 2019 முதல் தமிழ் ஒலிபெயர்ப்பு விசைப்பலகை இருக்கிறது, வேர்டிலும் வேலை செய்யும்.

மற்றவை சுருக்கமாக. பிரேவ், குரோமியம் எஞ்சினோடு விளம்பரத் தடுப்பையும் உள்ளேயே வைத்து வருகிறது. குரோம் பழக்கத்தை விட முடியாதவர்களுக்கு என் இரண்டாவது சிபாரிசு, வாலட், நியூஸ் சமாசாரங்களை மறைத்துவிட்டால் போதும். ஓபரா நன்றாகத்தான் இருக்கிறது, பக்கவாட்டுப் பட்டையில் அத்தனை சாமான் எனக்கு வேண்டாம். 'அல்ட்ரா லைட்' என்று பேர் போட்டுக்கொண்டு வரும், யார் செய்தது என்றே தெரியாத பிரவுசர்களில் பணம் கட்டும் பக்கத்தைத் திறக்க நான் தயாரில்லை.

எதைப் போட்டாலும் இரண்டு பிரவுசரை ஒரே நேரத்தில் திறந்து வைக்காதீர்கள். ஒவ்வொன்றும் காலியாக நின்றாலே தன் பங்குக்கு சில நூறு எம்பி பிடிக்கும். எட்ஜ் வேண்டிய வேலை வந்தால் பயர்பாக்ஸை மூடிவிட்டுத்தான் திறக்கிறேன். டேபுகள் எங்கும் போகாது, ஹிஸ்டரியில் 'முந்தைய செஷன்' என்று கேட்டால் அப்படியே வரும்.

ரேம் பூஸ்டர் விஷயம். சர்வீஸுக்கு வந்த ஒருவர் என் கணினியில் ஒன்றைப் போட்டுவிட்டுப் போனார், பெயர் வேண்டாம். பட்டனை அழுத்தினால் 85 சதவீதம் 50-க்கு இறங்கும், பார்க்க ஆனந்தமாக இருக்கும். அது செய்வது என்ன? ஓடிக்கொண்டிருக்கும் நிரல்களை எல்லாம் கையிலிருப்பதைக் கீழே வைக்கச் சொல்லி விண்டோஸிடம் கேட்கிறது. பாதி பேஜ் ஃபைலுக்குப் போகிறது. அடுத்து டேபைத் தொட்டதும் எல்லாம் திரும்ப டிஸ்க்கிலிருந்து வர வேண்டும். எண் இறங்கும், சிவப்பு விளக்கு எரியும். நமக்கு வேண்டியதற்கு நேர் எதிர். மறுநாளே எடுத்துவிட்டேன்.

காசு கொஞ்சம் கிடைத்தால் என்ன வாங்கலாம் என்றும் சொல்லிவிடுகிறேன். எச்61 போர்டுகளில் வழக்கமாக இரண்டு ரேம் ஸ்லாட் இருக்கும், என்னுடையதில் ஒன்று காலி. டிடிஆர்3 ஸ்டிக் செகண்ட் ஹாண்டில் சென்னை ரிச்சி தெருவில் தேடினால் மலிவாகவே கிடைக்கும். டிடிஆர்4 இதில் ஏறாது, லேப்டாப் ரேமும் டெஸ்க்டாப் ரேமும் வேறு வேறு அளவு, கேட்டு வாங்குங்கள். ரேமா எஸ்எஸ்டியா, ஒன்றுதான் முடியும் என்றால் நான் எஸ்எஸ்டி, அதாவது சுழலாத வேகமான டிஸ்க், என்பேன். பேஜ் ஃபைலுக்குப் போனாலும் வலி தெரியாது, விண்டோஸ் கிளம்புவதும் மாறிவிடும். இதில் என் கடை மெக்கானிக் அண்ணனுக்கு உடன்பாடில்லை, முதலில் ரேம்தான் என்கிறார்.

இன்னொன்று, விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. என்னுடையது போன்ற இரண்டாம் தலைமுறை ஐ3 விண்டோஸ் 11-க்கான அதிகாரபூர்வப் பட்டியலில் இல்லை. பழைய விலையில்லா மடிக்கணினியை விண்டோஸ் 7-ஓடு இன்னும் கொண்டு வரும் அண்ணன்மார், அக்காமார் இருக்கிறார்கள். அதில் குரோம் 109-வது பதிப்போடு நின்றுவிட்டது, பயர்பாக்ஸின் 115 நீடித்த ஆதரவுப் பதிப்புதான் அதைத் தாண்டிப் பாதுகாப்புத் திருத்தங்கள் பெற்றது. அந்த மடிக்கணினிகளுக்கு விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பைப் போடச் சொல்கிறேன். அதிலும் பயர்பாக்ஸ்தான் கூடவே வரும், யூபிளாக்கும் அப்படியே ஓடும்.

வீடியோ கால் மட்டும் மேலே சொன்ன எதனாலும் சரியாகவில்லை. கூகுள் மீட்டில் ஆன்லைன் நேர்காணல் என்று வருபவர்களுக்கு நான் கணினியைக் கொடுப்பதில்லை. கடை வைஃபையைக் கொடுத்து, அவரவர் போனை ஸ்டாண்டில் வைத்து, பின்னால் பேப்பர் கட்டு தெரியாத பக்கமாக நாற்காலியைத் திருப்பிப் போட்டுவிடுகிறேன்.